கிணற்றுக்குள் ஊக்கித் தூள் போட்டால் மருந்து போய்விடுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட அளவில் திருப்பிச் சொல்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். விசுவமடுப் பக்கம் வீடு. கிணற்றிலிருந்து ஐம்பது யார் தள்ளி ஒரு கோழிப்பண்ணை. போன மாரியில் அங்கே குவித்திருந்த எரு வெள்ளத்தில் கரைந்து உங்கள் வேலிவரை வந்துவிட்டது. பண்ணைக்காரர் கோழிக்கு வைக்கிற தண்ணீரில் அன்டிபயோட்டிக் கலக்குவதையும் கண்டிருக்கிறீர்கள். பிறகு ஒரு வீடியோவில், வெள்ளைத் தூள் ஒன்றைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் மருந்து 95 வீதம் அழிகிறது என்று காட்டினார்கள். அதை வாங்கிக் கிணற்றில் போடலாமா, இல்லாவிட்டால் கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். தூளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரை உங்கள் கையாலேயே சரிசெய்ய முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக: அந்தத் தூள் வேலைசெய்வது உண்மை, ஆனால் கிணற்றில் போட வேண்டாம். கொதிக்கவைப்பது கிருமிக்கு நல்லது, மருந்துக்குப் போதாது. காரணம் விளங்கினால்தான் நாளைக்கு யாராவது இதைப் பொதியில் அடைத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும்போது நீங்களே முடிவெடுக்கலாம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நான் வேதியியல் படித்தவன். பட்டமேற்படிப்பில் சில வருடங்கள் இந்த ஊக்கிகளோடுதான் (தான் தீர்ந்துபோகாமல் ஒரு இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்துகிற பொருள்தான் ஊக்கி) கழிந்தன, இப்போது கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். மிருக வைத்தியமும் மனித வைத்தியமும் என் துறை இல்லை, அந்த இடம் வரும்போது உரியவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

வீடியோவில் வந்த தூள் அநேகமாகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. வெள்ளைப் பெயின்ற்றுக்கு நிறம் கொடுக்கிற அதே சேர்வைதான். வெயில் நேராக விழுகிற ஒரு பழைய சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கையில் ஒட்டும். பெயின்ற்றைப் பிடித்துவைத்திருக்கும் பசையை வெயிலும் அந்தத் தைத்தேனியமும் சேர்ந்து வருடக்கணக்காக மெல்ல அரித்துவிட்டதில் உதிர்ந்த தூளும் அதில் இருக்கிறது. தண்ணீரில் மருந்தை அரிப்பதும் அதே வேலைதான். சூரிய ஒளியில் இருக்கும் ஊதாக்கடந்த கதிர் அந்தத் துணிக்கையில் பட்டதும் உள்ளே ஒரு இலத்திரன் தன் இடத்தைவிட்டு எழும்புகிறது, அது இருந்த இடம் வெறும் துளையாகிறது. துளை பக்கத்தில் இருக்கும் தண்ணீரிலிருந்து ஒரு இலத்திரனைப் பறித்து ஐதரொட்சில் மூலிகம் என்ற ஒன்றை உண்டாக்குகிறது, எழும்பின இலத்திரன் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனோடு சேர்ந்துகொள்கிறது. இந்த மூலிகம் ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் எதிர்ப்படுகிற எதையும் கடித்துவிடும். மருந்து மூலக்கூறா, இலைச் சாறா, பற்றீரியாவின் தோலா என்று அது பார்ப்பதில்லை. 1972 இல் புஜிஷிமா, ஹொண்டா என்ற இரண்டு யப்பானியர்கள் தைத்தேனியம் ஈரொட்சைட்டில் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. ஐம்பது வருட வேலை இருக்கிறது, அடிப்படையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடையில் விற்கிற பெயின்ற் நிறத்தூளை வாங்கிப் போட்டுப் பார்க்க யாரும் நினைக்கக்கூடாது. சுவர் அப்படி அரிபடாமல் இருப்பதற்காகவே பெயின்ற்றுக்குப் போகிற துணிக்கைகளுக்கு அலுமினாவும் சிலிக்காவும் பூசி அடக்கிவிடுகிறார்கள். ஆய்வுகூடத்துத் தூள் வேறு, ஒரு துணிக்கை இருபது நனோமீற்றர் அளவுதான், மூச்சோடு உள்ளே போனால் நல்லதல்ல. உணவில் வெள்ளை நிறத்துக்குப் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடைசெய்துவிட்டது.

சரி, 95 வீதம் என்ற கதைக்கு வருவோம். நானும் அப்படி எண்கள் எடுத்தவன், எப்படி எடுப்பது என்று தெரியும். ஒரு முகவையில் காய்ச்சி வடித்த நீர், அதில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் டெற்றாசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக், தண்ணீர் இலேசான மஞ்சளாக இருக்கும். அரைக் கிராமோ ஒரு கிராமோ ஊக்கியைப் போட்டதும் பால் மாதிரி ஆகிவிடும். காந்தக் கலக்கி அடியில் சுற்ற, முதலில் அரை மணித்தியாலம் இருட்டில் வைப்போம், மருந்தில் எவ்வளவு தூளின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்கிறது என்று அறிய. பிறகு விளக்கைப் போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசிக்குழாயால் கொஞ்சம் எடுத்து, வடிகட்டி, எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டுகிற அளவியில் வைத்தால் 357 நனோமீற்றரில் இருக்கிற மலை மாதிரியான கோடு ஒவ்வொரு தடவையும் தாழ்ந்துகொண்டே வரும். ஒரு மணித்தியாலத்தில் தரையோடு தரையாகிவிடும். பார்க்க அவ்வளவு சந்தோசமாக இருக்கும். அதைத்தான் வீடியோவில் காட்டியிருப்பார்கள், பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த முகவைக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. ஒரு முறை காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக இங்கே ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து அதே மருந்தை, அதே ஊக்கியை, அதே விளக்கைக் கொண்டு செய்தேன். காலையில் தொடங்கினது, கோடு இறங்குகிற மாதிரியே தெரியவில்லை, பின்னேரம் வரைக்கும் இருந்தேன். தூளும் பால் மாதிரி நிற்காமல் திரண்டு திரண்டு அடியில் படிந்தது. முதலில் விளக்குப் பழுது என்றுதான் நினைத்தேன். விளக்கில் ஒன்றுமில்லை, தண்ணீர்தான் காரணம்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் அநேகம் கடினநீர், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதை நீங்களே சுரண்டியிருப்பீர்கள். கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. கல்சியம் தூளைத் திரளவைக்கிறது, இருகாபனேற்று மூலிகத்தைத் தின்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லீற்றருக்கு 300 மில்லிகிராம் இருகாபனேற்று உள்ள தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் டெற்றாசைக்கிளின் இருக்கிறது என்று வையுங்கள், இயற்கை நீரில் மருந்து அந்த அளவில் அல்லது அதைவிட ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் இருக்கும். ஒரு மருந்து மூலக்கூறுக்கு இருபது இலட்சத்துக்கு மேல் இருகாபனேற்று அயன்கள் வருகின்றன. இருகாபனேற்றை மூலிகம் தாக்குகிற வேகம் மருந்தைத் தாக்குவதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவுதான், ஆனாலும் எண்ணிக்கை அவ்வளவு கூடினால் வேகம் குறைந்து என்ன பயன், இரண்டாயிரம் மூலிகம் இருகாபனேற்றில் வீணாகப் போய் ஒன்றுதான் மருந்தில் படும். இலை, வேர், எரு கரைந்து வருகிற சேதனப் பொருட்களையும் குளோரைட்டையும் இன்னும் சேர்க்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் போடுவதே அளவி கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான், எந்தக் கிணற்றிலும் அவ்வளவு மருந்து இருக்காது.

இனிக் கிணற்றின் அளவைப் பாருங்கள். பதினைந்து அடி விட்டமுள்ள கிணற்றில் பத்து அடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ ஐம்பதாயிரம் லீற்றர். லீற்றருக்கு ஒரு கிராம் என்றால் ஐம்பது கிலோ தூள் வேண்டும், ஒரு சீமெந்துப் பை. போட்டதும் தண்ணீர் முழுக்க வெள்ளையாகும், அந்த வெள்ளைக்குள் ஒளி ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் இறங்காது. சூரிய ஒளியிலேயே இந்தத் தூளை எழுப்பக்கூடிய ஊதாக்கடந்த பங்கு நூற்றுக்கு நாலைந்துதான், அதுவும் கிணற்றுக்குள் உச்சி வேளையில் கொஞ்ச நேரம்தான் நேராக விழும். மீதி ஒன்பது அடி பதினொரு அங்குலமும் இருட்டு. இருட்டில் தைத்தேனியம் வெறும் மண். அப்புறம் அந்த ஐம்பது கிலோவை எப்படி வெளியே எடுப்பது? வீட்டு வடிகட்டியில் நிற்காத அளவு சிறியது அது, மோட்டார் போட்டால் தாங்கிக்கும் பைப்புக்கும் பிள்ளையின் கோப்பைக்கும் வரும். கண்ணாடி மணிகளில் பூசி ஒட்டவைக்கலாம், காந்தத்தால் இழுக்கக்கூடிய இரும்பு ஒட்சைட்டோடு சேர்த்துச் செய்யலாம், இரண்டும் நான் செய்து பார்த்தவைதான், ஒட்டவைத்தால் மேற்பரப்புக் குறைந்து வேகம் விழுந்துவிடும்.

காணாமல் போவதும் அழிவதும் ஒன்றல்ல என்பதையும் இதில் கவனிக்க வேண்டும், வீடியோக்கள் இதைச் சொல்வதேயில்லை. 357 இல் கோடு தாழ்ந்தால் அந்த மூலக்கூறில் ஒளியை உறிஞ்சுகிற வளையப் பகுதி உடைந்துவிட்டது என்பதுதான் பொருள். உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கும். எல்லாம் காபனீரொட்சைட்டும் தண்ணீரும் ஆகிவிட்டதா என்று பார்க்க மொத்தச் சேதனக் காபனை அளக்க வேண்டும், அளந்தால் மருந்து 95 வீதம் போன இடத்தில் காபன் பாதிகூடக் குறையாமல் இருப்பது சாதாரணம். சிப்ரோபுளொக்சசின் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக்கில் இது இன்னும் மோசம். மூலிகம் முதலில் பெரும்பாலும் அதன் பக்கத்து வளையத்தைத்தான் கடிக்கிறது, பற்றீரியாவைத் தாக்குகிற நடுப்பகுதி அப்படியே நிற்கும். அதனால் நாங்கள் அளவியை மட்டும் நம்பாமல் ஏகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் பற்றீரியாவைப் பரப்பி, நடுவில் ஒரு சிறிய கடதாசி வட்டத்தைத் தண்ணீரில் தோய்த்து வைப்போம். மருந்து இருந்தால் மறுநாள் காலை அதைச் சுற்றி ஒன்றும் வளராத தெளிவான வளையம் இருக்கும். ஒருநாள் அளவி “இல்லை” என்று சொன்ன தண்ணீர் அடுத்த நாள் தட்டில் மெல்லிய வளையம் போட்டிருந்தது. இன்னும் இரண்டு மணித்தியாலம் ஒளி கொடுத்த மாதிரியில்தான் தட்டு முழுக்கப் பற்றீரியா வளர்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்த ஊக்கியைப் பற்றி யார் சொன்னாலும் தட்டில் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானது. உங்கள் கிணற்றில் மருந்து இருக்கிறதா என்பது அப்படியில்லை, சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எது வரக்கூடும், எது வராது என்று ஓரளவு சொல்லலாம், ஏனென்றால் இந்த மருந்துகள் எல்லாம் ஒரே குணம் இல்லை. அமொக்சிசிலின் குடும்பத்தின் நாலுமூலை வளையம் தண்ணீரில் தானாகவே உடையும், தூரம் போகாது. டெற்றாசைக்கிளின்களும், கோழிக்குக் கொடுக்கிற என்ரோபுளொக்சசினும் அது உடம்புக்குள் மாறி வருகிற சிப்ரோபுளொக்சசினும் களிமண்ணில் அப்படியே பிடித்துக்கொள்ளும், அதனால் எருக்குவியலுக்குக் கீழே உள்ள மண்ணில்தான் அவை குவிந்திருக்கும், கிணறுவரை வருவது குறைவு. சல்பா மருந்துகள் அப்படியில்லை, மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, தண்ணீரோடு தண்ணீராக நடந்து வரும். ஆகவே பண்ணையில் சல்பா வகை பாவிக்கிறார்களா என்பது நீங்கள் கேட்டு அறிய வேண்டிய முதல் விஷயம். மண்ணும் முக்கியம். விசுவமடுவில் களி கலந்த செம்மண் என்றால் ஒரு பாதுகாப்பு, முல்லைத்தீவுக் கரையோர மணல் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மாரியில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி எருக்குழியின் அடியைத் தொட்டுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். இரணைமடு மாதிரியான குளத்தில் விழுந்த மருந்துக்கு வெயிலே பாதி வைத்தியம், டெற்றாசைக்கிளினும் சிப்ரோபுளொக்சசினும் ஊக்கி இல்லாமலே ஒளியில் சிதையும். நிலத்துக்குக் கீழே போனதற்கு அந்த வெயிலும் கிடையாது.

கொதிக்கவைப்பதைக் கேட்டீர்கள். கிருமி சாகும், அதற்காகக் கட்டாயம் கொதிக்கவையுங்கள், விடவேண்டாம். சிப்ரோபுளொக்சசின் வெப்பத்தைத் தாங்கும், சல்பாவும் ஒரு கொதிக்கு அசையாது. குளோரின் சல்பாவை ஓரளவு தாக்கும், ஆனால் என்ன துண்டாக மாற்றுகிறது என்பது வேறு கேள்வி. பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரை ஆறு மணித்தியாலம் வெயிலில் வைக்கிற முறை கிருமிக்கு நல்ல முறை, மருந்துக்கென்று நம்ப முடியாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்க்குப் பயந்து வைத்திருக்கிற எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்ஓ) இயந்திரம் பெரும்பாலான மருந்துகளைப் பிடித்துவிடும், கூடவே புளோரைட்டையும் கடினத்தையும் எடுக்கும், ஆனால் பிடித்த அழுக்கைச் செறிவாக இன்னொரு குழாயால் வெளியே விடுகிறது, அதை எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். ஏவிய கரி (அக்டிவேற்றட் காபன்) வடிகட்டியும் நன்றாகப் பிடிக்கும், நிரம்பியதும் நின்றுவிடும், நிரம்பியதை நாக்கால் அறிய முடியாது. பரந்தன் கிளிநொச்சி அரிசி ஆலைகளில் மலைபோல இருக்கிற உமியைக் கரியாக்கி டெற்றாசைக்கிளினைப் பிடிக்கலாம் என்பதும் உண்மைதான், என் மாணவர்களுக்குப் பிடித்த பரிசோதனை அது. சூட்டையும் காற்றையும் கட்டுப்படுத்தாமல் சுட்ட உமிக்கரி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வேலைசெய்யும் என்பதால் குடிதண்ணீருக்கு அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

சரி, குடித்தால் என்ன நடக்கும்? லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தாலும், நாளுக்கு இரண்டு லீற்றர் வீதம் குடித்து 250 மில்லிகிராம் குளிசை ஒன்றின் அளவு உடம்புக்குள் போக முந்நூறு வருடங்களுக்கு மேல் வேண்டும், அதனால் மருந்தாக அது உங்களை ஒன்றும் செய்யாது என்று பயமில்லாமல் சொல்லலாம். பயப்பட வேண்டியது மருந்துக்குப் பழகிய பற்றீரியாவுக்கு. சிறிய அளவு மருந்து நீண்ட நாள் இருக்கிற இடத்தில் அதைத் தாங்கக்கூடிய பற்றீரியா பிழைத்துப் பெருகும், தாங்கும் குணத்தை மரபணுவாக மற்றதற்கும் கொடுக்கும். இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவைப் பாருங்கள். ஏறத்தாழ தொண்ணூறு மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்தின் வெளியேற்று நீரில் சிப்ரோபுளொக்சசின் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது ஆய்வுகூட முகவையைவிடக் கூடின அளவு. 2019 இல் மட்டும் உலகத்தில் மருந்துக்கு அடங்காத பற்றீரியாவால் நேரடியாகப் பன்னிரண்டு இலட்சத்து எழுபதாயிரம் பேர் இறந்ததாகக் கணித்திருக்கிறார்கள். இதில் தண்ணீர் வழியாக வந்த பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை. வைத்தியசாலையிலும் பண்ணையிலும் தேவையில்லாமல் பாவிப்பதுதான் பெரிய காரணம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

அப்படியென்றால் ஊக்கிக்கு எங்கே வேலை? மருந்து செறிவாகவும் தண்ணீர் குறைவாகவும் இருக்கிற இடத்தில். ஒரு மாவட்ட வைத்தியசாலையின் கழிவுநீர் வெளியேறும் வாய், ஒரு பெரிய பண்ணையின் கழுவுநீர்த் தொட்டி, மருந்து செய்கிற இடத்தின் குழாய், இந்த இடங்களில் முதலில் சாதாரணச் சுத்திகரிப்பால் சேதனத்தையெல்லாம் குறைத்துவிட்டுக் கடைசிப் படியாக ஊக்கியை வைத்தால் மூலிகம் வீணாகாது. ஸ்பெயினின் அல்மேரியாவில் சூரிய ஒளியைத் தெறிக்கவைத்துக் குழாய்க்குள் குவிக்கிற தட்டுகளோடு இதைப் பெரிய அளவில் வருடக்கணக்காகச் செய்து பார்க்கிறார்கள், எங்களுக்கு வெயிலுக்கு என்ன குறை. இதைவிடப் பழைய முறையும் உண்டு. 1894 இல் பென்ரன் என்பவர் இரும்பு உப்போடு ஐதரசன் பேரொட்சைட்டைச் சேர்த்தால் வலிய ஒட்சியேற்றம் நடக்கிறதென்று கண்டார், அதிலும் உண்டாவது அதே மூலிகம்தான். மலிவு, ஆனால் தண்ணீரைப் பிஎச் 3 அளவுக்குப் புளிப்பாக்கி, முடிந்ததும் திரும்ப நடுநிலையாக்கி, மிஞ்சுகிற துருநிறச் சேற்றை அள்ள வேண்டும். கோபாற்றும் பேர்சல்பேற்று வகை உப்பும் சேர்ந்த முறை மிக வேகமானது, ஆனால் கோபாற்று தண்ணீருக்குள் கசிந்தால் ஒரு நஞ்சுக்குப் பதில் இன்னொன்று. பல வருடங்களாகக் கட்டுரைகளில் காபன் நைத்திரைட்டு என்ற மஞ்சள் ஊக்கிதான் அதிகம் அடிபடுகிறது, அது நீல ஒளியையும் பிடிக்கும் என்பதால் வெயிலில் கூடிய பங்கு பயன்படும், முகவைக்கு வெளியே வந்து நான் கண்டது மிகக் குறைவு.

பணமும் சட்டமும் உள்ள நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தாலும் ஒரு தெளிவு வரும். சுவிற்சர்லாந்தில் 2016 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்கள் இந்த நுண் அழுக்குகளில் 80 வீதத்தை எடுக்க வேண்டும் என்று சட்டம். அவர்கள் தெரிந்தெடுத்தது ஓசோனையும் ஏவிய கரியையும், தைத்தேனியத் தூளை அல்ல. தினமும் இலட்சக்கணக்கான லீற்றர் ஓடுகிற இடத்தில் தூளைப் போட்டுத் திரும்பப் பிடிப்பது இன்னும் கட்டுப்படியாகாத வேலை. எனக்கு இதில் மனம் விடாத ஒரு விஷயம் இருக்கிறது. கொக்கிளாய்க் கடலேரிக்குத் தெற்கே புல்மோட்டைக் கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணல் இல்மனைற்றும் ரூட்டைலும், அதாவது தைத்தேனியத்தின் மூலப்பொருளே. வன்னியின் வாசலில் இருந்து அது பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது, ஆய்வுகூடத்துக்கு வேண்டிய தூளை நாங்கள் சிறு போத்தலில் விலைகொடுத்து இறக்குமதி செய்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் அந்த மணலிலிருந்தே ஒரு வைத்தியசாலைக் கழிவுக்கு ஏற்ற ஊக்கியைச் செய்து, எங்கள் கடினநீரிலேயே அதைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு நிறைய நாளாக ஆசை.

கடைசியாக உங்கள் கிணறு. அன்டிபயோட்டிக்கை அளக்கிற சோதனைக்கு விலையான கருவி வேண்டும், ஒரு மாதிரிக்கே பெரிய செலவு, அதை முதலில் தேட வேண்டாம். கோழி எரு கிணற்றை எட்டியிருந்தால் அதற்கு முன்பே நைத்திரேற்றும் மலப் பற்றீரியாவும் வந்திருக்கும், இரண்டையும் சோதிப்பது சுலபம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், எங்கே எப்படி மாதிரி கொடுப்பதென்று அவர் வழிகாட்டுவார். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைக்கவே கூடாது, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். இந்த இடத்தில் கொதிக்கவைப்பது எதிர்மாறாகும், தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்றுச் செறிவாகும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முடிவு வரும்வரை வேறு தண்ணீர் எடுங்கள். சோதனையில் இரண்டும் இல்லையென்றால் எருநீர் இன்னும் கிணற்றுக்கு வந்து சேரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

பண்ணைக்காரரோடு சண்டைக்குப் போகாமல் பேசிப் பாருங்கள், அவருடைய பிள்ளைகளும் அந்த நிலத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். எருவை மேட்டில், சீமெந்துத் தளத்தில் குவித்து, மழை படாமல் தகரமோ தறப்பாளோ போட்டு மூடச் சொல்லுங்கள், சுற்றிவர ஒரு சிறு வரம்பு கட்டினால் வெள்ளம் உள்ளே போகாது. கூட்டில் இருந்து வருகிற உமிப் படுக்கையை எருவோடு கலந்து, ஈரம் பார்த்து, வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் உள்ளே 55, 60 பாகை சூடேறும், கையை விட்டால் வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டில் சில வாரத்தில் டெற்றாசைக்கிளினும் சல்பாவும் பெரும்பகுதி சிதைந்துவிடும், சிப்ரோபுளொக்சசின் வகைதான் பிடிவாதமாக நிற்கும். அந்த வகையை வருத்தம் வராமல் இருக்கவென்று தண்ணீரில் கலக்காமல், மிருக வைத்தியர் சொன்ன கோழிக்கு, சொன்ன நாளுக்கு மட்டும் கொடுத்தால் அதுவும் குறையும். எந்த மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் முட்டை விற்கக்கூடாது என்பதையும் மிருக வைத்தியரிடமே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் கிணற்றுக்கட்டு வெடித்திருந்தால் பூசுங்கள், கட்டைச் சுற்றி நாலடிக்குச் சீமெந்துத் தளம் போட்டு ஊற்றின தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரிச் சரிவு வையுங்கள். மாதிரியை இப்போது ஒன்று எடுங்கள், ஐப்பசி மழை பிடித்துக் கிணறு ஏறின பிறகு இன்னொன்று எடுங்கள். இரண்டு முடிவையும் இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.